விமான டிக்கெட்டுக்கு எங்கள் அம்மாவின் துடைப்பம் எதற்கு?

சென்ற வாரம் ஒரு போன் வந்தது. பேசியவர் சென்னையில் வசதியாக இருப்பவர். நல்லவர்தான். முற்போக்காளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். எங்கள் தங்கையின் ஜெர்மனிப் பயணத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"ஒரே ஒரு சின்ன வீடியோ மட்டும் எடுத்து அனுப்புங்க. பொண்ணு குடிசை வாசல்ல நிக்கட்டும். பின்னாடி அம்மா துடைப்பத்தோட தெருவக் கூட்டிக்கிட்டு இருக்கட்டும். கடைசியில பொண்ணு கையெடுத்துக் கும்பிடட்டும். எங்க குரூப்ல போட்டா ஒரே நாள்ல மிச்சப் பணமும் வந்துடும்."

எங்கள் தங்கை குடியிருப்பது குடிசையில் அல்ல, தொகுப்பு வீட்டில். மழைக்கு ஒழுகும், ஆனாலும் காங்கிரீட் வீடு. அவர் கேட்ட வீடியோவை எடுக்க வேண்டுமானால் முதலில் நாங்கள் ஒரு குடிசையைத் தேட வேண்டும்.

முடியாது என்றோம். அவர் வருத்தப்பட்டார். "நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்றார். போனை வைத்துவிட்டார். அத்தோடு ஐம்பதாயிரம் போனது. ஏன் மறுத்தீர்கள் என்று இப்போது எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தங்கைக்கு வயது 24. செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் காலனியைச் சேர்ந்தவள். ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். மாலையில் எங்கள் அம்பேத்கர் இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறாள். அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஜெர்மனியில் வைமார் நகருக்குப் பக்கத்தில், பூகன்வால்டு நினைவிடத்தில் கோடையில் நடக்கும் இளைஞர் தொண்டு முகாமுக்கு அவள் தேர்வாகியிருக்கிறாள். இரண்டு வாரம். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. போகவரச் செலவு நம் பொறுப்பு.

பூகன்வால்டு எது என்று தெரியாதவர்களுக்காக: 1937 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய வதைமுகாம். ஏறத்தாழ 2,80,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் செத்தார்கள். யூதர்கள், சிந்தி, ரோமா மக்கள், கம்யூனிஸ்டுகள், போர்க்கைதிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். அதன் இரும்புக் கதவில் ஒரு வாசகம் இருக்கிறது: 'யேடெம் தாஸ் ஸைனே'. அவரவருக்கு உரியது அவரவருக்கு என்று பொருள். வெளியிலிருந்து வருகிறவர் படிப்பதற்காக அதை வைக்கவில்லை. உள்ளே நிற்கும் கைதி தினமும் பார்த்துப் படிக்கும்படி உள்பக்கம் பார்த்து வைத்தார்கள்.

இந்த வாசகத்தை இரவுப் பள்ளியில் தங்கை கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "இது நம்ம ஊர்ல சொல்றதுதானேக்கா?" அவனவன் இடத்தில் அவனவன் இருக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். அவனுக்கு வருண தருமம் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அங்கே இளைஞர்கள் செய்யும் வேலைகளில் ஒன்றைச் சொல்கிறோம். பூகன்வால்டிலிருந்து குழந்தைகளையும் இளைஞர்களையும் ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றிச் சாகடிக்க அனுப்பினார்கள். அந்தப் பழைய ரயில் பாதையோரம் அவர்களின் பெயரை ஒவ்வொரு கல்லாக எழுதி வைக்கிறார்கள். 2007 முதல் இந்த வேலை நடக்கிறது. குற்றம் செய்த நாட்டின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து, கொல்லப்பட்ட குழந்தையின் பெயரைத் தங்கள் கையால் கல்லில் எழுதுகிறார்கள். எங்கள் தங்கை போய்ப் பார்க்க விரும்புவது இதைத்தான். பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் விரும்புவதும் இதைத்தான்.

இனி செலவுக் கணக்கு. விமானம் போகவர 62,000. விசாக் கட்டணமும் விண்ணப்ப மையக் கட்டணமும் சேர்த்து 11,000. காப்பீடு 1,800. முகாம் பதிவு 12,000. விமான நிலையத்திலிருந்து வைமாருக்கு ரயில் போகவர 6,000. பெட்டி, மழைக்கோட்டு, ஷூ 5,200. கைச்செலவு 15,000. மொத்தம் 1,13,000 ரூபாய். இதில் ஒரு பைசாகூட ஊர் சுற்றிப் பார்க்க இல்லை.

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் எங்கள் காலனிக்கு வெளிநாட்டு இளைஞர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். இரண்டு வாரத் தொண்டுப் பயணம். ஒரு அமைப்பு அழைத்து வந்தது. நல்ல பிள்ளைகள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குழந்தைகளோடு விளையாடினார்கள். அவர்கள் செய்த வேலை, பால்வாடிச் சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்தது. எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் பெயிண்டர்கள். அந்த இரண்டு வாரமும் வேலை கிடைக்காமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சுரண்டாத சுவரில் பிரைமர்கூட அடிக்காமல் பெயிண்ட் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மழைக்கு உரிந்து வந்தது.

அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரில் பணம் திரட்டக் காட்டிய படங்களைப் பிறகுதான் பார்த்தோம். மூக்கொழுகி நிற்கும் எங்கள் பிள்ளைகள். புழுதித் தெரு. குடத்தோடு நிற்கும் எங்கள் பெண்கள். யாரிடமும் கேட்டு எடுத்ததில்லை. அதில் ஒரு படத்தில் நான்கு வயதுக் குழந்தையாக நின்ற பையன் இன்று எங்கள் பள்ளியில் படிக்கிறான். அவன் முகத்தைக் காட்டித் திரட்டிய பணத்தில் விமான டிக்கெட் வாங்கப்பட்டது. அவன் கைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது.

அந்த இளைஞர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொண்டுப் பயணத்துக்குப் பணம் திரட்டுவது என்றால் இப்படித்தான் என்று ஒரு முறையை உலகம் முழுக்கப் பழக்கிவைத்திருக்கிறார்கள். போகிறவர் கொடுக்கிறவர், போகிற இடத்தில் இருப்பவர் வாங்குகிறவர். கொடுக்கிறவரின் படம் சிரிக்க வேண்டும், வாங்குகிறவரின் படம் அழ வேண்டும். எங்கள் தங்கையின் பயணம் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. தொண்டு செய்யப் போகிறவளே சேரிப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது? அந்த நண்பருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கொடுக்கப் போகிறவளையும் வாங்குகிறவளாகவே படம் பிடிப்பது.

இதில் எங்களுக்கு உறைக்கிற இடம் ஒன்று உண்டு. கூலியில்லா வேலை என்பது எங்களுக்குப் புதிதல்ல. இழவு சொல்லப் போனது நாம். செத்த மாட்டைத் தூக்கியது நாம். ஊர்த் திருவிழாவுக்கும் ஊர்ச் சாவுக்கும் பறையடித்தது நாம். கேட்டால் களத்துமேட்டில் ஒரு மரக்கால் நெல், அதுவும் ஆண்டையின் மனசைப் பொறுத்து. அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்தார்கள், வெட்டி என்று பெயர் வைத்தார்கள். தொண்டு என்று யாரும் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்களைக் கிராமத்துக்கும் அரசுக்கும் பரம்பரை வேலைக்காரர்களாகக் கட்டிப்போட்டிருந்த வதன் முறைக்கு எதிராக பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அற்பக் கூலியைக் காட்டி ஒரு சாதியின் உழைப்பு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை உடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பழங்கதை என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்கு நாலா பக்கமிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். வாழ்த்துகிறோம். அதே நாட்களில் தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். உப்பி அழுகிய உடல்களை இடிபாட்டிலிருந்து எடுத்துப் புதைத்தது அவர்கள். அந்த வேலைக்கு யாருடைய சாதியைத் தேடிப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உணவுப் பொட்டலம் கொடுத்தவர் தன்னார்வலர். பிணம் தூக்கியவர் துப்புரவுப் பணியாளர். ஒருவருக்குச் சான்றிதழ், இன்னொருவருக்கு மறுநாள் அடுத்த பிணம். நிவாரண முகாம்களில் தலித் மக்களைத் தனியே ஒதுக்கியதும் தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுத்ததும் அப்போதே பதிவாகியிருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண், தானே விரும்பி, தானே தேர்ந்தெடுத்த இடத்துக்கு, கூலி வாங்காமல் வேலை செய்யப் போகிறாள் என்றால் அது எங்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. அவளுடைய பாட்டியும் கூலியில்லாமல் உழைத்தாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்ததில்லை. இவளுக்கு இருக்கிறது. முடியாது என்று சொல்ல முடிகிறவள் செய்யும் வேலைக்குத்தான் தொண்டு என்று பெயர். அந்த உரிமையோடு புறப்படுகிறவளை முதல் அடியிலேயே கும்பிடச் சொன்னால் நாங்கள் எப்படிச் சம்மதிப்போம்?

பயண ஏற்பாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. இதைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். முகாம் நடத்துகிறவர்களின் அழைப்புக் கடிதம், போகவர விமான முன்பதிவு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். பணத்தைக் கடைசி வாரத்தில் கணக்கில் மொத்தமாகப் போட்டால் சந்தேகப்படுவார்கள். எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இருக்க வேண்டும். அதனால்தான் பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது போடுகிறோம்.

அப்புறம் ஒன்று கேட்கிறார்கள்: நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? சொத்துப் பத்திரம் இருந்தால் வையுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தங்கை சிரித்துவிட்டாள். இது செங்கல்பட்டு. 1891இல் இந்த மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர்தான் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் வேர் என்றார். 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் கொடுத்தார்கள். 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. மற்றவர்களுக்கு விற்கவே முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது? அதே மண்ணில் பிறந்த பெண்ணிடம் உன் வேரைக் காட்டு, பத்திரத்தைக் காட்டு என்கிறது விசாப் படிவம். படிவத்தைக் குறை சொல்லவில்லை. அதற்கு எங்கள் கதை தெரியாது. கதை தெரிந்தவர்கள்தான் நிலத்தை வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தோழர்கள் சிலர் பணம் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதிலும் கவனம் வேண்டும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு இல்லாத எங்களைப் போன்ற குழு வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், அவர் நம் சொந்தச் சேரியில் பிறந்தவராக இருந்தாலும். நல்ல மனத்தோடு வந்த இரண்டு தொகைகளை இதனால் திருப்பி அனுப்பினோம். ஒரு தப்பான ரசீதை வைத்து ஒரு இயக்கத்தையே முடக்கலாம் என்பது நமக்குத் தெரியும்.

இனி நம் தரப்பிலிருந்து வரும் இரண்டு கேள்விகள்.

ஒன்று: "ஜெர்மன்காரன் நினைவிடத்தைக் கூட்டிப் பெருக்க நம்ம பொண்ணு போகணுமா? வெண்மணி இருக்கே?"

நியாயமான கேள்வி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் அடைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். இரண்டு இடத்திலும் நினைவிடம் இருக்கிறது. கட்டியது யார்? வருடா வருடம் மாலை போடுவது யார்? செங்கொடிக்காரர்களும் நாமும். எந்தச் சாதி எரித்ததோ, எந்தச் சாதி வெட்டியதோ, அதன் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் வந்து உட்கார்ந்து செத்த குழந்தையின் பெயரைக் கல்லில் எழுதுகிறார்களா? அதைக் கேட்கும் துணிச்சல் வர வேண்டுமானால், அப்படி ஒன்று உலகத்தில் நடக்கிறது என்று நம் கண்ணால் பார்த்தவர்கள் நமக்கு வேண்டும். 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது சாதி உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. அரசு பேசாததைப் பேச நம் ஆட்கள் அங்கே போய் நின்றார்கள். மறு ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பரிந்துரை வெளியிட்டது. போனதால்தான் பேச முடிந்தது.

இரண்டு: "பசிக்கிறவனுக்கு ரோஷம் எதுக்கு? ஒரு வீடியோதானே?"

இதை எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அவர் மீது மரியாதை உண்டு, பட்டினி தெரிந்தவர். பதில் சொன்னது தங்கையின் அம்மா. "துடைப்பம் என் வேலை. அதுக்குச் சம்பளம் வாங்குறேன், அதுவும் மூணு மாசமா பாக்கி. படம் எடுக்கிறவங்க அந்தப் பாக்கிய வாங்கித் தரட்டும், நின்னு எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அதற்கு மேல் நாங்கள் விவாதிக்கவில்லை.

உதவி வாங்குவது இழிவு என்று நாங்கள் சொல்லவில்லை. பாபாசாகேபும் உதவி வாங்கித்தான் படித்தார். 1913இல் கொலம்பியா போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு. பாதியில் நின்ற லண்டன் படிப்பை முடிக்க 1920இல் மறுபடி கப்பல் ஏறியபோது, பேராசிரியர் வேலையில் சேர்த்த பணம் கொஞ்சம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி கொஞ்சம், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன். அந்தப் பார்சி நண்பர் உன் சேரியைப் படம் எடுத்துக் கொடு என்று கேட்கவில்லை. நண்பனின் படிப்பை நம்பிக் கொடுத்தார். நாங்கள் கேட்பதும் அந்த நம்பிக்கையைத்தான்.

அரசிடம் கேட்கலாமே என்கிறார்கள். வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைத் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று 2022இல் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. நம் பிள்ளை கடல் கடந்து போய் சாதியைப் பற்றிப் படிக்கக்கூட அரசுப் பணம் கிடைக்காது. சாதியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வதைமுகாமைப் பார்க்கப் போகிறவளுக்கா கொடுக்கப் போகிறார்கள்?

ஆகவே நாமே சேர்க்கிறோம். இதுவரை வந்தது: தங்கையின் சொந்தச் சேமிப்பு 20,000. இரவுப் பள்ளியில் படித்து வேலைக்குப் போனவர்கள் 31,000. ஊர்த் தெருவில் இருக்கும் ஓர் ஆசிரியர், எந்த நிபந்தனையும் இல்லாமல், 10,000. பறையிசைக் குழுவின் ஒரு நாள் நிகழ்ச்சிப் பணம் 8,000. இழவுக்கு அடித்த பணம் இல்லை, மேடையில் வாசித்த பணம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்தப் பெயிண்டர்கள் 6,000. அம்மாவோடு வேலை செய்யும் 38 துப்புரவுத் தொழிலாளர்கள், ஆளுக்கு நூறு, 3,800. உண்டியலில் சில்லறையாக 12,600. மொத்தம் 91,400. இன்னும் வேண்டியது 21,600.

விசா நேர்காணல் அடுத்த மாதம். தங்கை தயாராகிக்கொண்டிருக்கிறாள். தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம், வாரம் இரண்டு நாள் கொஞ்சம் ஜெர்மன். நாங்கள் ஒரு ஒத்திகையும் நடத்துகிறோம். "இந்தியாவில் இப்போதெல்லாம் சாதி ஏது?" என்று இன்னொரு இந்தியர் முகாமில் கேட்டால் என்ன சொல்வாய்? "உங்கள் சாதி என்ன?" என்று வெள்ளந்தியாக ஒரு வெளிநாட்டுப் பெண் கேட்டால்? முதல் நாள் ஒத்திகையில் அவள் தலைகுனிந்தாள். இப்போது நிமிர்ந்து பதில் சொல்கிறாள். வீடியோ எடுப்பதாக இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கொடுப்பவர்களுக்கு நாங்கள் தருவது இவைதான். ரசீது உண்டு. வரவு செலவு இரவுப் பள்ளிச் சுவரில் ஒட்டப்படும். மீந்தால் அடுத்துப் போகிற பிள்ளைக்கு வைப்போம். திரும்பி வந்ததும் தங்கை காலனியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததைச் சொல்வாள், கேள்விக்குப் பதில் சொல்வாள். ஊர்த் தெருக்காரர்களும் வரலாம். வரும் டிசம்பர் 25க்கு அவளோடு வெண்மணிக்குப் போகிறோம். அங்கே அவள் ஒரு கல்லைக் கொண்டுபோவாள்.

கண்ணீர் கிடையாது. குடிசை கிடையாது. கும்பிடு கிடையாது. இவையில்லாமல் 21,600 ரூபாய் கொடுக்க மனம் இருப்பவர்கள் கொடுங்கள்.

ஜெய் பீம்!